பேரரசர்களின் பங்காளிச் சண்டையும் தியத்தலாவைத் தகரக் கொட்டகையும்

உலகத்தில் நடந்த பெரிய யுத்தம் எதையும் வெலிமடையைக் கேட்டுக்கொண்டு யாரும் தொடங்கியதில்லை. உருளைக்கிழங்கு விலை, உர விலை, பருவம் தப்பிய மழை என்று எங்களுக்குச் சொந்தச் சண்டைகளே தலைக்குமேல் கிடக்கின்றன. ஆனால் லண்டனிலும் பெர்லினிலும் மீசைக்காரர்கள் முறைத்துக்கொண்ட போதெல்லாம், பிடித்த ஆட்களை எங்கே கொண்டுபோய் அடைப்பது என்ற கேள்வி எழுந்தது. வெள்ளைக்காரன் கைகாட்டிய இடம் எங்கள் பக்கத்து மலையான தியத்தலாவை. இன்றைக்கு அங்கே இராணுவக் கழகம் இருக்கிறது. 1900-இல் அது 4,000 அடிக்கும் மேலான உயரத்தில் காற்று மட்டும் குடியிருந்த புல்மேடு. ரயில் ஏற்கனவே 1894-இல் பண்டாரவளை வரை வந்துவிட்டது. கொழும்பில் ஏற்றினால் அங்கே இறக்கிவிடலாம். கைதி ஓடிப்போக நினைத்தாலும் நான்கு பக்கமும் மலை, அதற்கப்பால் காடு, அதற்கும் அப்பால் கடல்.

முதலில் வந்து சேர்ந்தவர்கள் தென்னாபிரிக்காவின் போயர்கள். அவர்கள் ஏன் வந்தார்கள் என்று சொல்ல வேண்டுமானால் தங்கத்திலிருந்து தொடங்க வேண்டும்.

போயர்கள் என்பவர்கள் ஒல்லாந்து விவசாயிகளின் வாரிசுகள். மாடு, துப்பாக்கி, வேதாகமம் மூன்றும் இருந்தால் வேறொன்றும் கேட்கமாட்டார்கள்; அடுத்தவன் நிலத்தைத் தவிர. அவர்களுடைய ட்ரான்ஸ்வால் நாட்டை 1881-இல் ஒரு தோல்விக்குப் பிறகு பிரித்தானியா விட்டுக்கொடுத்தது. 1886-இல் அந்த மண்ணுக்கடியில் தங்கம் இருப்பது தெரியவந்தது. லண்டனுக்குத் தூக்கம் போய்விட்டது. நாட்டின் தலைவர் போல் குரூகர் ஒரு தாடிக்காரக் கிழவர். வேதாகமத்தைத் தவிர வேறு புத்தகம் படித்ததில்லை, பூமி தட்டை என்று நம்பியவர் என்றெல்லாம் அவரைப் பற்றிச் சொல்வார்கள். பூமியின் வடிவத்தில் கிழவர் தவறியிருக்கலாம். ஆங்கிலேயர் எதற்காக வந்திருக்கிறார்கள் என்பதில் தவறவில்லை.

தங்கம் தோண்ட வெளியூர்க்காரர்கள், பெரும்பாலும் ஆங்கிலேயர்கள், ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தார்கள். அவர்களிடம் வரியை வாங்கிக்கொண்டு வாக்குரிமையைக் கொடுக்க மறுத்தார் குரூகர். 14 வருடம் இருந்துவிட்டு வா, பார்க்கலாம் என்றது அவருடைய சட்டம். இதைக் கேட்டு பிரித்தானியாவின் நெஞ்சு கொதித்தது. உழைக்க வந்த மனிதனுக்கு வாக்கு இல்லையா? 1899 மே மாதக் கடைசியில் புளூம்பொன்டெய்னில் பேச்சுவார்த்தை நடந்தது. மகாராணியின் பிரதிநிதி அல்பிரட் மில்னர், 5 வருடத்தில் வாக்குக் கொடு என்றார். குரூகர் இறங்கிவந்து 7 வருடம் என்றார். மில்னர் அசையவில்லை. நீங்கள் கேட்பது வாக்கை அல்ல, என் நாட்டை என்று கிழவர் கண்கலங்கியதாகச் சொல்வார்கள். இந்த 5-ஐயும் 7-ஐயும் வாசகர்கள் கொஞ்சம் மனதில் வைத்திருக்க வேண்டும்.

அதே 1899-இல், அதே மகாராணியின் ஆட்சியில், பதுளை மாவட்டத்துத் தோட்டங்களிலும் உழைக்க வந்த மனிதர்கள் இருந்தார்கள். திருச்சி, சேலம், புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து கங்காணி கூட்டிவந்தவர்கள். அவர்களுடைய வாக்குரிமை பற்றி நெஞ்சு கொதிக்க யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை. சொல்லாமல் தோட்டத்தை விட்டுப் போனால் 1865-ஆம் ஆண்டுச் சட்டப்படி சிறை. ஜொஹன்னஸ்பேர்க் தங்கச் சுரங்கத்து ஆங்கிலேயன் அனுபவித்த அநீதி, ஹாலி-எல தேயிலை மலையில் கொழுந்து கிள்ளியவளுக்குப் பொருந்தாதாம். அட்சரேகை வேறு.

இதற்கிடையில் ஜேர்மன் கைசர் வில்ஹெல்ம் வேறு உள்ளே புகுந்தார். ஆங்கிலேயர் சிலர் 1895 கடைசியில் ட்ரான்ஸ்வாலுக்குள் களவாக ஒரு படையைக் கூட்டிக்கொண்டு போய் அவமானப்பட்டுத் திரும்பினார்கள். 1896 ஜனவரி 3-ஆம் திகதி கைசர் குரூகருக்கு வாழ்த்துத் தந்தி அடித்தார். போயர் மீது பாசமா? மண்ணாங்கட்டி. கைசருக்கு விக்டோரியா மகாராணி சொந்தப் பாட்டி. பட்டத்து இளவரசர் எட்வர்ட் சொந்தத் தாய்மாமன். பின்னாளில் இங்கிலாந்தின் அரசரான ஐந்தாம் ஜோர்ஜும் ரஷ்யச் சக்கரவர்த்தியின் மனைவியும் அதே பாட்டியின் பேரப்பிள்ளைகள். மொத்தத்தில் ஐரோப்பிய அரசியல் என்பது ஒரே வளவுக்குள் நடக்கும் பங்காளிச் சண்டை. வேலியை யார் தள்ளிப் போட்டது, பாட்டி யாருக்கு அதிகம் கொடுத்தாள் என்ற கணக்கு. நம்முடைய பங்காளிகள் கோர்ட்டுக்குப் போய்க் காணியை வித்துச் செலவழிப்பார்கள். அவர்களோ அடுத்தவன் வீட்டுப் பிள்ளைகளைச் செலவழித்தார்கள். தந்தியைக் கண்ட பாட்டி, பேரனைக் கண்டித்துக் கடிதம் எழுதினார். பேரன், தான் நினைத்தது அதுவல்ல என்று பதில் எழுதினார். இரண்டு பேரும் அத்தோடு தபால் செலவை நிறுத்தியிருக்கலாம்.

ஆனால் அரசர்கள் மட்டும் சண்டை போட்டுக்கொண்டால் யுத்தம் வராது. ஊரும் கூடவே கத்த வேண்டும். 1896-இல்தான் லண்டனில் அரைப் பென்னிக்கு டெய்லி மெயில் பத்திரிகை வரத் தொடங்கியது. தேசப்பற்று என்பது விலை குறைந்த பண்டம், நன்றாக விற்கும் என்று முதலாளிகள் கண்டுபிடித்தார்கள். 1900 மே மாதம் மெபக்கிங் என்ற சின்ன ஊரின் முற்றுகை நீங்கிய செய்தி வந்த இரவில் லண்டன் தெருக்களில் நடந்த கூத்தைப் பார்த்தவர்கள், உலகத்தையே வென்றுவிட்டார்கள் என்று நினைத்திருப்பார்கள். அந்தப் பக்கமும் சளைத்ததல்ல. கடவுள் தங்களுக்கென்றே தென்னாபிரிக்காவைப் பட்டா போட்டுக் கொடுத்தார் என்று போயர்கள் உண்மையாகவே நம்பினார்கள். அங்கே ஏற்கனவே குடியிருந்த கறுப்பு மக்களிடம் இரண்டு கட்சியும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

1899 ஒக்டோபரில் யுத்தம் வெடித்தது. இலங்கைத் தோட்டத் துரைமாருக்கும் இரத்தம் சூடேறியது. குதிரைப்படை ஒன்றைச் சேர்த்துக்கொண்டு 1900 தொடக்கத்தில் கப்பல் ஏறிவிட்டார்கள். கணக்குப்பிள்ளைக்கு அன்றைக்கு ராத்திரி நல்ல தூக்கம் வந்திருக்கும். நேட்டாலில் காந்தி என்ற இளம் வழக்கறிஞர் சுமார் 1,100 இந்தியர்களைச் சேர்த்துக் காயம்பட்ட ஆங்கிலப் படையினரைச் சுமக்கும் தொண்டர் படை அமைத்தார். அதில் பெரும்பகுதி கரும்புத் தோட்டத்து ஒப்பந்தக் கூலிகள்; சென்னை மாகாணத்துக்காரர்களுக்கும் குறைவில்லை. ஆக, துரை சுடப் போனார், தமிழன் தூக்கப் போனான். வழக்கமான வேலைப் பிரிவினைதான்.

துரைமார் போன அதே கடல் வழியாக 1900 ஓகஸ்டிலிருந்து போயர்கள் இங்கே வந்து இறங்கினார்கள். மொத்தம் சுமார் 5,000 பேர். பெரும்பாலோரைத் தியத்தலாவையில் தகரக் கொட்டகைகளிலும் முள்கம்பிக்குள்ளும் வைத்தார்கள். பேரனோடு வந்த தாத்தாவும் உண்டு, மீசை முளைக்காத பையனும் உண்டு. ஒலிவியர், ரூ என்று இரண்டு ஜெனரல்களும் உண்டு. அதுவரை எங்கள் ஆட்கள் வெள்ளைக்காரனை மலையில் தொப்பியோடும், பங்களா வாசலில் பைப்போடும் மட்டுமே பார்த்திருந்தார்கள். இப்போது கம்பிக்கு உள்ளேயும் ஒருவன், வெளியே துப்பாக்கியோடும் ஒருவன். இரண்டும் ஒரே நிறம். அப்புத்தளைப் பக்கத்து லயங்களில் அந்த வாரம் பேசுவதற்கு வேறு விஷயம் இருந்திருக்காது.

கைதிகள் சும்மா இருக்கவில்லை. மரத்தில் பொம்மையும் பெட்டியும் கைத்தடியும் செதுக்கி விற்றார்கள். பத்திரிகை நடத்தினார்கள்; ஒன்றின் பெயரே 'முள்கம்பி'. ஆசிரியர் தலையங்கத்துக்கு வெளியே தேடிப்போக வேண்டிய அவசியமில்லாத பத்திரிகை. 1901 ஜூலையில் கொழும்புக்குப் போய் கோல்ட்ஸ் கழகத்தோடு கிரிக்கெட் ஆடித் தோற்றார்கள். யோசித்துப் பார்த்தால் விசித்திரம்: ஆங்கிலேயனிடமிருந்து விடுதலை வேண்டுமென்று உயிரைக் கொடுத்தவர்கள், ஆங்கிலேயனுடைய ஆட்டத்தை, ஆங்கிலேயனுடைய சிறையிலிருந்து வந்து, ஆங்கிலேயனுடைய விதிப்படி ஆடினார்கள். ஊரில் அவர்கள் பண்ணைகள் அந்த நேரத்தில் எரிந்துகொண்டிருந்தன. பெண்டு பிள்ளைகளை ஆங்கிலேயர் முகாம்களில் அடைத்திருந்தார்கள். அம்மையிலும் வயிற்றுப்போக்கிலும் சுமார் 28,000 போயர்கள் அந்த முகாம்களில் செத்தார்கள். மிகப் பெரும்பாலோர் குழந்தைகள். கறுப்பு மக்களை அடைத்த தனி முகாம்களிலும் ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். அந்தச் சாவுகளை ஒழுங்காக எழுதிவைக்கக்கூட ஆங்கிலேயன் சிரமப்படவில்லை.

தியத்தலாவைக்கு வந்து சேராத ஐந்து பேரின் கதையைச் சொல்லாமல் விடமுடியாது. 1901 ஜனவரியில் கைதிகளை ஏற்றிய கெட்டலோனியா கப்பல் கொழும்புத் துறைமுகத்தில் நின்றது. வில்லி ஸ்டெய்ன் என்பவரும் நான்கு பேரும் இரவில் கடலில் குதித்தார்கள். நீந்திப் போய்ச் சேர்ந்த இடம் 'கெர்சன்' என்ற ரஷ்யக் கப்பல். சீனாவிலிருந்து படையினரை ஏற்றிக்கொண்டு திரும்பிய கப்பல் அது. ரஷ்யர்கள் துணி கொடுத்து, சாப்பாடு கொடுத்து, ஒளித்து வைத்தார்கள். ரஷ்யனுக்குப் போயரைத் தெரியுமா? ஒரு போயரைக் கண்ணால் கண்டிருப்பானா? தேவையில்லை. ஆங்கிலேயனுக்கு எரிச்சல் வந்தால் போதும். ஐவரும் கருங்கடல் வழியாக ரஷ்யாவுக்குள் போய், குளிர்க்கோட்டு போட்டு, விருந்து சாப்பிட்டு, ஒல்லாந்தில் ஒதுங்கியிருந்த குரூகரையும் கண்டு, ஜேர்மன்காரர் வைத்திருந்த தென்மேற்கு ஆபிரிக்கா வழியாகத் திரும்பவும் யுத்தத்துக்கே போய்ச் சேர்ந்தார்கள். கொழும்பிலிருந்து தென்னாபிரிக்காவுக்கு இத்தனை சுற்றுவழி இருப்பது அதற்கு முன் யாருக்கும் தெரியாது.

1902 மே 31-இல் சமாதானம். கைதிகள் வீடு போகலாம், ஒரே ஒரு நிபந்தனை: இங்கிலாந்து அரசருக்கு விசுவாசமாக இருப்பேன் என்று சத்தியம் செய்ய வேண்டும். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் அதற்குள் காய்ச்சலில் செத்து தியத்தலாவை மண்ணிலேயே தங்கிவிட்டார்கள். உயிரோடிருந்தவர்களில் பெரும்பாலோர் பல்லைக் கடித்துக்கொண்டு சத்தியம் செய்தார்கள். மறுத்த ஒரு சிலரில் ஒருவரான ஹென்றி எங்கல்பிரெக்ட், செத்தாலும் மாட்டேன் என்றார். அனுப்பவில்லை. மனிதர் அம்பாந்தோட்டைப் பக்கம் போய், யால காட்டின் முதல் காவலதிகாரி ஆனார். அரசரை ஏற்கமாட்டார், அரசரின் மான்களைக் காப்பார், மாதம் முடிந்தால் அரசரின் சம்பளத்தையும் வாங்குவார். கொள்கை என்றால் இப்படிக் கொஞ்சம் காற்றோட்டம் வேண்டும்.

எங்கள் மலையில் இன்னொரு பெரிய மனிதரும் இந்தப் பங்காளிச் சண்டைக்குள் மாட்டினார். அப்புத்தளைக்கு மேலே தம்பேதென்ன தோட்டத்தின் சொந்தக்காரர், கிளாஸ்கோவின் மளிகைக்கடைக்காரர், சேர் தோமஸ் லிப்டன். 1890-இல் இங்கே தோட்டம் வாங்கியவர். பணம் பெருகியதும் பாய்க்கப்பல் பந்தயத்தில் இறங்கினார். அதன் வழியாக எட்வர்ட் அரசரின் சிநேகிதரானார். கைசருக்குப் பொறுக்கவில்லை. மாமன் தன் மளிகைக்காரனோடு படகு விடப் போயிருக்கிறார் என்று கேலி செய்ததாகச் சொல்வார்கள். கைசர் தானும் வருடாவருடம் இங்கிலாந்துக்குப் போய் மாமனோடு படகுப் பந்தயம் விட்டவர்தான். விளையாட்டுப் படகில் தொடங்கிய போட்டி கடைசியில் போர்க்கப்பலில் வந்து நின்றது. 1906-இல் பிரித்தானியா 'ட்ரெட்நோட்' என்ற பூதத்தைக் கடலில் இறக்கியது. ஜேர்மனியும் அதே மாதிரி கட்டத் தொடங்கியது. நீ எட்டுக் கட்டினால் நான் பத்து. இரண்டு நாட்டுப் பத்திரிகைகளும் எண்ணிக்கையை வெளியிட்டன, இரண்டு நாட்டு மக்களும் கை தட்டினார்கள், தட்டிய கையாலேயே வரியும் கட்டினார்கள்.

1914-இல் அது வெடித்தது. செப்டெம்பரில் 'எம்டன்' என்ற ஒற்றை ஜேர்மன் கப்பல் இந்து சமுத்திரத்தில் புகுந்து, 22-ஆம் திகதி சென்னையில் எண்ணெய்த் தாங்கிகளைக் கொளுத்தி, இலங்கைக்குப் பக்கத்திலேயே கப்பல்களை மூழ்கடித்துவிட்டுப் போனது. இலங்கையில் வெள்ளைக்காரர்கள் கட்டிலுக்குக் கீழேயும் ஜேர்மன்காரனைத் தேடினார்கள். யாலக் காட்டில் ஒருவன் கிடைத்தான். எங்கல்பிரெக்ட் எம்டனுக்கு இறைச்சி சப்ளை செய்தார் என்று பழி! மான் காத்த கிழவரைப் பிடித்துக் கண்டியில் அடைத்தார்கள். குற்றம் பொய் என்று பிறகு தெரிந்தது. 1922-இல், எவருக்கும் சத்தியம் செய்யாமலே, செத்துப்போனார்.

எங்கல்பிரெக்டுக்கு மட்டுமல்ல, யாருக்கும் அரசாங்கக் கடதாசியில் ஏறிய பெயர் லேசில் இறங்காது. வெலிமடைக்குப் பக்கத்தில் கெப்பெட்டிபொல என்ற ஊர் இருக்கிறது. மரக்கறி லொறிகள் நிற்கும் பொருளாதார மத்திய நிலையம். அந்தப் பெயருக்குரிய திசாவையை 1817-இல் ஊவாக் கிளர்ச்சியை அடக்க வெள்ளைக்காரன் அனுப்பினான். அவர் துப்பாக்கிகளைத் திருப்பி அனுப்பிவிட்டுக் கிளர்ச்சிக்காரர் பக்கம் போய்விட்டார். துரோகி என்று பிரகடனம் செய்து, 1818 நவம்பரில் கண்டியில் தலையை வெட்டினார்கள். நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்து 68 வருடம் கழித்து, 2016-இல்தான் ஜனாதிபதி சிறிசேன அந்தப் பிரகடனத்தை இரத்துச் செய்தார். இதில் ஒரு வேடிக்கையைச் சிங்கள வீரம் பேசுகிறவர்கள் சத்தமாகச் சொல்வதில்லை. அந்தக் கிளர்ச்சியில் அரசுரிமை கோரிய வில்பாவே என்ற ஆள், தன்னைக் கண்டி நாயக்க வம்சத்து 'துரைசாமி' என்று சொல்லிக்கொண்டுதான் மக்களைத் திரட்டினார். அன்றைக்குத் துரைசாமி என்ற பெயருக்கு அவ்வளவு மதிப்பு.

மறுபடியும் 1914. தியத்தலாவைக் கொட்டகைகளை இந்த முறை ஜேர்மன்காரர்களுக்காகத் திறந்தார்கள். வியாபாரி, மாலுமி என்று வந்தவர்களோடு ஒரு மொட்டைத் தலைக்காரரும் வந்தார். ஞாணதிலோக்க தேரர், பூர்வீகம் வீஸ்பாடன், பழைய பெயர் அன்டன் கூயத், ஒருகாலத்தில் வயலின் வாசித்தவர். பர்மாவில் துறவு பூண்டு, 1911-இல் தொடந்துவைக் களப்புத் தீவில் ஆசிரமம் போட்டு, கொல்லாமை பற்றிப் பாளி ஏடுகளில் ஆராய்ந்துகொண்டிருந்தார். பிரித்தானிய இராணுவத்தின் கணக்கில் அவர் கைசரின் ஆள். 1915-இல் அவரையும் மற்றவர்களையும் அவுஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றினார்கள். துரைமாரில் ஒரு படை அதற்குள் எகிப்துக்கும் கலிப்பொலிக்கும் போயிருந்தது. லிப்டன் தன் உல்லாசக் கப்பலில் சேர்பியாவுக்கு வைத்தியர்களையும் தாதிமாரையும் கொண்டுபோனார். அந்தக் கப்பலும் பிறகு கடற்படைக்குப் போய் மூழ்கியது. தெமோதரைப் பக்கம் ஒன்பது வளைவுப் பாலத்துக்கு வரவேண்டிய இரும்பு பீரங்கிக்குப் போய்விட்டதால்தான் அது கல்லிலும் செங்கலிலும் எழும்பியது என்று எங்கள் பக்கத்தில் ஒரு கதை உண்டு. செல்பி எடுக்க வருகிறவர்களுக்கு கைட் இதைத் தவறாமல் சொல்வார்.

தேரர் சீனா, ஜப்பான் எல்லாம் சுற்றி 1926-இல் இலங்கைக்குத் திரும்பிவந்தார். 1936-இல் இன்னொரு ஜேர்மன் இளைஞர் அவரிடம் சீடராக வந்தார்: சீக்முண்ட் ஃபெனிகர், பின்னாளில் ஞாணபோனிக்க தேரர். அவர் யூதர். ஹிட்லரிடமிருந்து தப்பி வந்தவர். 1939-இல் யுத்தம் தொடங்கியதும் பிரித்தானியர் இருவரையும் பிடித்துத் தியத்தலாவையில் போட்டார்கள். ஹிட்லருக்கு ஃபெனிகர் ஜேர்மன்காரரே அல்ல. சேர்ச்சிலுக்கு அவர் ஜேர்மன்காரரேதான். உலகத்தில் அந்த ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு பேரும் நேர்மாறான கருத்து வைத்திருந்து, இரண்டு கருத்துக்கும் ஒரே முள்கம்பியைப் பதிலாகக் கண்டுபிடித்தார்கள். முகாமில் நாஜிகளும் இருந்தார்கள். அவர்களோடு ஒரே வளவில் யூத பிக்கு பிரித் ஓதிக்கொண்டிருந்தார். பிறகு தேரர்கள் இருவரையும் இந்தியாவின் டெஹ்ராடூன் முகாமுக்கு மாற்றினார்கள். 1946-இல் விடுதலை.

1948-இல் பேரரசு மூட்டை கட்டிக்கொண்டு போனது. அதே வருடம் 18-ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. போயருக்குக் காவல் இருந்த சிப்பாய்க்கும், கலிப்பொலிக்குப் போன துரைக்கும், லிப்டனின் நண்பரான அரசருக்கும் தேயிலை பறித்துக் கொடுத்த சனம் ஏறக்குறைய மொத்தமாக நாடற்றதானது. முந்திய வருடத் தேர்தலில் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய சனம். 1950, 51-இல் ஜேர்மன் தேரர்கள் இரண்டு பேருக்கும் இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்தது. நல்ல காரியம், அவர்கள் அதற்குத் தகுதியானவர்கள். எங்களுக்கு 1949-இல் இன்னொரு சட்டம் போட்டார்கள். கல்யாணம் ஆனவராக இருந்தால் 7 வருடம், ஆகாதவராக இருந்தால் 10 வருடம், இடைவிடாமல் இந்த நாட்டில் வசித்ததாகக் கடதாசி காட்ட வேண்டும். அரசாங்கமே இரண்டு தடவை நாடு கடத்திய துறவியின் வாசம் பரவாயில்லை. ஆத்தா செத்த காரியத்துக்குத் துறையூருக்குப் போய்வந்த சுப்பையாவின் வாசம்தான் கச்சேரி கிளாக்கருக்கு உறுத்தியது.

அந்த 7 வருடத்தைத்தான் குரூகர் 1899-இல் கொடுக்க முன்வந்தார். அதைக் கொடுமை என்று சொல்லி மில்னர் ஒரு யுத்தத்தையே தொடக்கினார், 5,000 பேரை எங்கள் மலைக்கு ரயிலேற்றினார். 1949-இல் அதே 7-க்காக ஒரு சிப்பாயைக்கூட அனுப்ப எந்தப் பேரரசுக்கும் வசதிப்படவில்லை. எங்கள் மலையில் தங்கம் கிடையாது. தேயிலையோ ஏற்கனவே அவர்கள் பெயரில்தான் பதிந்திருந்தது.